பேட்டிக்கு வந்தவர் யார்?

உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கு இதுவரை இருந்த கவலை, வந்தவருக்கு வேலை தெரியுமா என்பதுதான். இப்போது அதற்கும் முந்திய ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. பேட்டிக்கு வந்திருப்பவர் மனுப் போட்டவர்தானா? கம்ப்யூட்டர் திரையில் தெரியும் முகம் அவருடைய முகம்தானா? வீடியோ மூலம் பேட்டி நடக்கும்போது, வேறொருவருடைய முகத்தைத் தன் முகத்தின்மேல் கம்ப்யூட்டர் உதவியால் பொருத்திக்கொண்டு பேசுகிறவர்கள் தோன்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதை டீப்ஃபேக் என்கிறார்கள். தமிழில் போலி முகம் என்று சொன்னால் போதும். ஏதோ அமெரிக்காவில் நடக்கும் விஷயம் என்று பெங்களூரில் இருக்கும் நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவின் மென்பொருள் தொழிலுக்கு இந்த நகரம்தான் தலைமையிடம். அந்தத் தொழிலை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

முன்பெல்லாம் வேலைக்கான பேட்டி என்றால், சர்டிபிகேட்டுகளை ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு, இரவு ரயில் ஏறி, காலையில் கம்பெனி வாசலில் போய் நிற்பதுதான். 2020ஆம் ஆண்டு கொரோனா தொற்றுக்காக ஊரடங்கு வந்தபோது அந்த வழக்கம் நின்றது. பேட்டிகள் எல்லாம் வீடியோவுக்கு மாறின. தொற்று போன பிறகும் பல கம்பெனிகள் அதை விடவில்லை. செலவும் நேரமும் மிச்சமாவதைக் கண்டுகொண்ட எந்த நிர்வாகம்தான் பழைய முறைக்குத் திரும்ப ஆசைப்படும்?

இந்த மாறுதலால் மனுதாரர்களுக்கும் நன்மை உண்டு; அதை மறுப்பதற்கில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வேலைக்காக விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூர் வந்து, இரவு வீடு திரும்பும் வாழ்க்கையை நாம் அறிவோம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி, ஒரு நாள் கூலியை இழக்காமல், ரயில் கட்டணம் கொடுக்காமல், வீட்டில் இருந்தபடியே பேட்டி கொடுக்க முடிகிறது என்றால் அது சாதாரண வசதியல்ல. திருப்பத்தூரிலும் தென்காசியிலும் இருக்கும் பட்டதாரிக்கும் இப்படித்தான் பெங்களூர் கம்பெனியின் கதவு திறந்தது. இந்தக் கதவின் வழியாக மோசடிக்காரர்களும் நுழைகிறார்கள் என்பதுதான் இப்போதைய பிரச்னை. அவர்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி, நேர்மையானவர்களின் முகத்தில் கதவைச் சாத்திவிடக்கூடாது என்பது நம் கவலை.

அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. 2022 ஜூன் 28ஆம் தேதி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்குத் திருட்டு அடையாளங்களையும் போலி வீடியோக்களையும் கொண்டு மனுச் செய்கிறார்கள் என்று கம்பெனிகளிடமிருந்து வரும் புகார்கள் அதிகரித்துள்ளன என்று அது தெரிவித்தது. பெரும்பாலும் கம்ப்யூட்டர் துறை வேலைகள். வாடிக்கையாளர்களின் விவரங்களும் பண விவரங்களும் கையில் கிடைக்கக்கூடிய வேலைகள். சில பேட்டிகளில் பேசுகிறவரின் உதட்டசைவு ஒலியோடு பொருந்தவில்லை. இருமல் சத்தம் கேட்டது. திரையில் இருந்தவர் இருமவில்லை. அந்த நாட்களில் போலி முகத்தைக் கண்டுபிடிக்க அவ்வளவு போதுமானதாக இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவர் தன் கம்ப்யூட்டரின் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் படம் நேராகப் பேட்டி காண்பவருக்குப் போவதில்லை. நடுவில் ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கண், மூக்கு, வாய், தாடை எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிட்டு, அதே அசைவுகளோடு இன்னொருவரின் முகத்தை அதன்மேல் பொருத்துகிறது. ஒவ்வொரு விநாடியிலும் பல முறை இது நடக்கிறது. மாற்றப்பட்ட படத்தை ஒரு போலிக் காமிரா வழியாகப் பேட்டி நடக்கும் இணைப்புக்குள் செலுத்துகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு அது சாதாரணக் காமிராவிலிருந்து வருவதாகவே தோன்றும். குரலையும் இதே மாதிரி மாற்ற முடியும்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனியின் ஆய்வுப் பிரிவு ஒரு சோதனை செய்தது. இந்த வித்தையில் முன் அனுபவம் இல்லாத ஓர் ஆராய்ச்சியாளர், சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சாதாரணக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வீடியோ பேட்டியில் உடனுக்குடன் பயன்படுத்தக்கூடிய போலி முகத்தை 70 நிமிஷங்களில் தயாரித்துவிட்டார்.

மோசடியால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் நோபிஃபோர் என்று ஒரு கம்பெனி. மற்ற கம்பெனிகளின் ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் மோசடிகளிலிருந்து தப்பும் வழியைச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் தொழில். 2024 ஜூலையில் அது ஒரு மென்பொருள் பொறியாளரை வேலைக்கு எடுத்தது. வீடியோவில் நான்கு முறை பேட்டி நடந்தது. பின்னணி விசாரணையிலும் குறை தெரியவில்லை. மனுவில் இருந்த போட்டோவும் திரையில் தெரிந்த முகமும் ஒத்திருந்தன. கம்பெனி அனுப்பிய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்ததுமே அதில் தீய புரோகிராம்களை ஏற்றும் வேலை தொடங்கிவிட்டது. விசாரித்ததில் அவர் வட கொரியாவைச் சேர்ந்தவர் என்று தெரிந்தது. பெயரும் விவரங்களும் ஓர் உண்மையான அமெரிக்கரிடமிருந்து திருடப்பட்டவை. போட்டோ, கடையில் கிடைக்கும் பொதுப் படம் ஒன்றைச் செயற்கை அறிவைக் கொண்டு மாற்றியது. காவல் கற்றுக்கொடுக்கிறவர் வீட்டிலேயே திருடன் நுழைந்த கதை இது. அந்தக் கம்பெனி இதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னதற்காக அதைப் பாராட்ட வேண்டும்.

இன்னொரு வழக்கில், அரிசோனா மாநிலத்துப் பெண் ஒருவர் தம் வீட்டில் வரிசையாக லேப்டாப்புகளை அடுக்கி வைத்திருந்தார். கம்பெனிகள் தங்கள் புதிய ஊழியர்கள் அங்கே வசிப்பதாக நம்பி அனுப்பிய லேப்டாப்புகள் அவை. உண்மையில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டிலிருந்து அவற்றை இயக்கிய வட கொரியர்கள். 300க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகள் இப்படி ஏமாந்தன. ஒரு கோடியே எழுபது லட்சம் டாலருக்கு மேல் இந்த வழியில் சம்பாதிக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலிலிருந்து வட கொரியர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட 1,800க்கும் மேற்பட்டவர்களின் மனுக்களைத் தடுத்ததாக அமேசான் கம்பெனியின் பாதுகாப்புத் தலைமை அதிகாரி 2025 டிசம்பரில் தெரிவித்தார்.

நம் நாட்டிலோ ஆள் மாறாட்டம் என்பது புதிய சரக்கல்ல. மத்தியப் பிரதேசத்தில் வியாபம் ஊழல் 2013இல் அம்பலமானபோது, பரீட்சை எழுத வாடகை ஆட்களை அமர்த்தும் தொழிலே நடந்து வந்தது தெரிந்தது. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவருக்காக நீட் பரீட்சையை வேறொருவர் எழுதியதாகப் புகார் எழுந்தது, சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தார்கள். மென்பொருள் கம்பெனிகளின் பேட்டிகளில் நண்பரை உட்கார வைப்பதும், கன்சல்டன்சி என்ற பெயரில் போலி அனுபவச் சான்றுகளை விற்பதும் பெங்களூரில் நெடுநாளாக நடந்து வருபவை. இவற்றுக்கெல்லாம் ஓர் இயற்கையான தடை இருந்தது. உட்காருகிறவரின் முகம் வேறு, வேலைக்கு வருகிறவரின் முகம் வேறு. என்றைக்காவது ஒரு நாள் அது அகப்பட்டுக்கொள்ளும். போலி முகம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. கெட்டிக்காரன் ஒருவன் பத்துப் பேருடைய முகங்களில் பத்துப் பேட்டிகள் கொடுக்கலாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வி நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான். தமயந்தியின் சுயம்வரத்தில் அவள் எதிரே ஒரே மாதிரியாக ஐந்து நளன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நால்வர் தேவர்கள். அவள் கூர்ந்து பார்த்தாள். தேவர்களின் கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் நிலத்தில் பாவவில்லை. இமைக்கும் கண்ணும் வாடிய மாலையும் உள்ளவனே தன் நளன் என்று தெரிந்து மாலையிட்டாள். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் போலி முகங்களைக் கண்டுபிடிக்கச் சொன்ன வழியும் இதுவே. போலி முகங்கள் கண் இமைப்பது மிகக் குறைவு என்றார்கள். புரோகிராமுக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்ட போட்டோக்களில் கண் மூடியிருப்பவை அபூர்வம் என்பது காரணம்.

ஆனால் தமயந்தியின் காலத்துத் தேவர்கள் தங்கள் குறையைத் திருத்திக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து மோசடிக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள். இமைப்பதைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்த சிறிது காலத்திலேயே போலி முகங்கள் நன்றாக இமைக்கத் தொடங்கின. 2020இல் ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் உதடுகளைக் கவனிக்கச் சொன்னார்கள். தமிழில் அம்மா, அப்பா என்று சொல்லிப் பார்த்தால் விஷயம் புரியும். உதடுகள் ஒட்டாமல் பகரமும் மகரமும் பிறக்காது. தொல்காப்பியர் சொல்லிவைத்த இலக்கணம் அது. போலி முகங்களில் அந்த எழுத்துகளின்போது உதடுகள் சில சமயம் ஒட்டாமலே போயின. அந்தக் குறையும் வரவரக் குறைந்துவருகிறது.

இன்றைய நிலையில் பயன்படும் வேறு சில சோதனைகளும் உண்டு. முகத்தை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லலாம். கையை முகத்துக்கு முன்னால் மெதுவாக அசைக்கச் சொல்லலாம். விரல்கள் மூக்கைக் கடக்கும்போது பொருத்திய முகம் நெளிந்துவிடும். காது ஓரத்தில் பிசிறு தட்டும். அறையின் விளக்கை அணைத்து ஏற்றச் சொன்னால் முகத்தில் விழும் வெளிச்சம் சுவரில் விழும் வெளிச்சத்தோடு மாறுபடும். எதிர்பாராத கேள்வி கேட்டு, பதில் வருவதற்கு ஆகும் நேரத்தைக் கவனிக்கலாம். பேட்டி காண்பவர்கள் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எல்லோரிடமும் ஒரே மாதிரியாக, மரியாதையான குரலில், முன்கூட்டியே காரணம் சொல்லிக் கேட்டால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். ஆனால் இவையும் நிரந்தரமான அடையாளங்கள் அல்ல. இன்று நெளியும் முகம் நாளை நெளியாது. கண்ணை நம்பி நடத்தும் பரீட்சையில் கண் தோற்கும் நாள் வந்தே தீரும்.

மனிதக் கண்ணுக்குப் பதில் இயந்திரத்தை நம்பலாமே என்று சிலர் சொல்கிறார்கள். போலி முகத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை விற்கும் கம்பெனிகள் பல தோன்றியிருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொல்லும் என்று ஒரு கருவிக்கு விளம்பரம் செய்தால், கேட்பவருக்கு அது பிரமாதமாகத் தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனிக்கு ஆயிரம் பேர் பேட்டிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் பத்துப் பேர் போலிகள். 990 பேர் நேர்மையானவர்கள். கருவி பத்துப் போலிகளில் ஒன்பது அல்லது பத்துப் பேரைப் பிடித்துவிடும். மிகவும் சரி. ஆனால் 990 நேர்மையானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர், அதாவது சுமார் ஐம்பது பேர்மீதும் போலி என்று முத்திரை குத்திவிடும். ஆகச் சுமார் அறுபது பேர் சந்தேகத்துக்கு ஆளாவார்கள். அவர்களில் ஐம்பது பேர் ஒரு குற்றமும் செய்யாதவர்கள்.

அந்த ஐம்பது பேர் யாராக இருப்பார்கள் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். வேகமான இணைப்பும் விலை உயர்ந்த காமிராவும் உள்ளவராக இருக்கமாட்டார். படம் அடிக்கடி உறைந்து நிற்கும். ஒலி முந்தும், உதடு பிந்தும். ஏன்? அவர் பழைய செல்போனை வைத்துக்கொண்டு, கோபுரம் எட்டாத ஊரில் மொட்டைமாடியில் நின்று பேசுகிறார். பதில் சொல்லுமுன் தயங்குவார். ஏன்? தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்கிறார். கண் அங்குமிங்கும் போகும். ஏன்? வாழ்க்கையில் முதல் பேட்டி. மோசடியின் அடையாளங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்களோ, அவற்றில் பாதி ஏழ்மையின் அடையாளங்கள். மீதியில் பாதி பயத்தின் அடையாளங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று பிரபல புரோகிராம்களை 2018இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு ஒன்று சோதித்தது. வெளிர் நிற ஆண்களின் படங்களில் தவறு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கருநிறப் பெண்களின் படங்களில் அவற்றுள் ஒன்று நூற்றுக்கு 34க்கு மேல் தவறு செய்தது. யாருடைய படங்களைக் காட்டி இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களைத்தான் அது நன்றாக அடையாளம் கண்டது. போலி முகத்தைப் பிடிக்கும் கருவிகள் நம்மவர்களின் முகங்களில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சோதித்துப் பார்க்காமல் அவற்றின் தீர்ப்பை நம்பி ஒருவரின் வேலையைப் பறிப்பது அக்கிரமம். அதிலும், சந்தேகத்துக்கு ஆளானவரிடம் யாரும் காரணம் சொல்வதில்லை. 'உங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. வருந்துகிறோம்' என்று ஒரு வரி வரும். தன்னைத் திருடன் என்று எண்ணினார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான். கருவிகள் சந்தேகத்தைக் கிளப்பட்டும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அவற்றுக்குக் கொடுக்கக்கூடாது. தீர்ப்புக்கு வழி ஒன்றே. வேலை கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறையாவது ஆளை நேரில் பார்க்க வேண்டும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று எல்லாம் வீடியோவில் நடக்கட்டும். ஆயிரம் பேரை நேரில் அழைக்க வேண்டிய அவசியமில்லை. தேர்வாகி நிற்கும் கடைசிச் சிலரை மட்டும் அழைத்தால் போதும். கூகுள் கம்பெனியின் தலைவரான, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, குறைந்தது ஒரு சுற்றாவது நேர்முகமாக நடத்த ஏற்பாடு செய்து வருவதாக 2025 ஜூனில் சொன்னார். மனுதாரருக்கு அடிப்படை அறிவு இருக்கிறதா என்பதை உறுதி செய்வது அவர் சொன்ன காரணம். அதே மருந்து இந்த நோய்க்கும் கேட்கும்.

நேரில் வரச் சொல்லும் கம்பெனி, போக்குவரத்துச் செலவைத் தானே ஏற்க வேண்டும். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். திருநெல்வேலியிலிருந்து பெங்களூர் வந்து போகும் ரயில் கட்டணமும் ஒரு நாள் சாப்பாடும் கம்பெனிக்கு ஒரு பொருட்டல்ல. வேலையில்லாதவர் வீட்டில் அது கடன் வாங்க வேண்டிய தொகை. போலிகளால் வரும் நஷ்டத்துக்குப் பயப்படுவது கம்பெனி. பாதுகாப்புக்கான செலவும் அதனுடையதாகத்தான் இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்கே வரவேண்டும் என்பதும் இல்லை. பெரிய கம்பெனிகளுக்குக் கோவையிலும் சென்னையிலும் மைசூரிலும் கிளைகள் உண்டு. அருகிலுள்ள கிளையில் ஓர் அதிகாரி ஆளைப் பார்த்து, அடையாளச் சான்றைச் சரிபார்த்து, வீடியோவில் பேட்டி கொடுத்தவர் இவரே என்று கையெழுத்திட்டால் முடிந்தது.

சின்னக் கம்பெனிகள் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. கிளைகளும் இல்லை, பணமும் இல்லை. அவர்களுக்காக அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்யலாம். பாஸ்போர்ட் மனுக்களை வாங்கும் வேலையைப் பல ஊர்த் தபாலாபீசுகள் 2017இலிருந்து செய்து வருகின்றன. ஆதார் வேலையும் அங்கே நடக்கிறது. 'இன்ன பெயருள்ளவர் இன்ன தேதியில் என் எதிரே வந்தார். அவருடைய சான்றுகளைப் பார்த்தேன்' என்று ஒரு சிறு கட்டணத்துக்குச் சான்று கொடுக்கும் வேலையையும் தபாலாபீசிடம் ஒப்படைக்கலாம். கட்டணத்தைக் கம்பெனி செலுத்தட்டும். தபால்காரரும் தபாலாபீஸ் அதிகாரியும் ஊர் மக்களுக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் போலி முகம் செல்லாது.

இதற்கு மேல் வேண்டியவை சாதாரண ஜாக்கிரதைகள். படிப்புச் சான்றுகளை மனுதாரர் அனுப்பும் நகலைப் பார்த்து முடிவு செய்யாமல், டிஜிலாக்கர் போன்ற அரசாங்க வசதியிலோ பல்கலைக்கழகத்திலோ சரிபார்க்கலாம். முன்பு வேலை பார்த்ததாகச் சொல்லும் கம்பெனி, அவருக்காக வருங்கால வைப்பு நிதி கட்டியிருக்கிறதா என்று அவர் சம்மதத்துடன் பார்க்கலாம். பொய் அனுபவத்தை இது லேசில் காட்டிக்கொடுக்கும். கம்பெனியின் லேப்டாப்பை அடையாளம் பார்த்து அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். சொன்ன விலாசத்தை விட்டு வேறு விலாசத்துக்கு அனுப்பச் சொன்னால் விசாரிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முக்கியமான விவரங்களின் சாவியை முதல் நாளே கொடுக்கக்கூடாது. ஃபுளோரிடா கம்பெனி பெரிய நஷ்டமில்லாமல் தப்பியதற்கு, புதிய ஊழியரின் அதிகாரம் குறுகியதாக வைக்கப்பட்டிருந்ததும் காரணம்.

கம்பெனிகள் தங்கள் நடத்தையையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க வேண்டும் என்பதற்காக இன்று சில இடங்களில் பேட்டி காண்பதையே இயந்திரத்திடம் விட்டுவிட்டார்கள். திரையில் கேள்வி தோன்றும். மனுதாரர் காமிராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எதிரே மனிதர் யாரும் இல்லை. மார்க்குப் போடுவதும் இயந்திரமே. தன் பக்கத்தில் ஒரு மனிதரை உட்கார வைக்கவும் மனமில்லாத கம்பெனி, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் உண்மையான மனிதர்தானா என்று கவலைப்படுவது விசித்திரமாக இருக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசினால், வந்தவரின் தரமும் தெரியும், தன்மையும் தெரியும். போலிகளை விரட்ட இதைவிட மலிவான வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

நேரில் சந்திப்பது மனுதாரர்களுக்கும் பாதுகாப்பு. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, மோசடி நிலையங்களில் அடைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் மட்டுமே தெரிந்த முதலாளியை நம்பிப் போனால் என்ன கதி ஆகும் என்பதற்கு அது சாட்சி. மனுதாரரின் முகத்தை மட்டுமல்ல, கம்பெனிக்காரரின் முகத்தையும் பொய்யாக உண்டாக்க முடியும் என்பதை இளைஞர்கள் மறக்கக்கூடாது. ஆபீஸ் எங்கே இருக்கிறது, யார் கையெழுத்திடுகிறார்கள் என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

சட்டம் போதாது என்று சொல்வதற்கில்லை. ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், பிறர் அடையாளத்தைத் திருடுவதற்கு 66சி பிரிவும், கம்ப்யூட்டர் மூலம் ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவும் இருக்கின்றன. இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கம்பெனிகள் புகார் கொடுக்கத் தயங்குகின்றன என்பதுதான் குறை. ஏமாந்தது வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, ஆளைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர் அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனியில் இன்னொரு முகத்தோடு நுழைகிறார்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அடையாளத்தை உறுதி செய்கிறோம் என்று சொல்லி மனுதாரர்களின் முகத்தையும் குரலையும் பல கோணங்களில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதிவு திருடு போனால், போலி முகம் தயாரிக்க அதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றின் கட்டாயம் முழுமையாக வரும்வரை காத்திராமல், வேலை கிடைக்காதவர்களின் பதிவுகளைப் பேட்டி முடிந்ததும் அழித்துவிடுவதைக் கம்பெனிகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 'பேட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும்' என்று சொல்லி வரும் தரகர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் வேலை தேடி அலுத்தவருக்கு அது சுலபமான வழியாகத் தோன்றலாம். அகப்பட்டால் போவது அந்த ஒரு வேலை மட்டுமல்ல. பெயர் கெடும், வழக்கு வரும், அதே ஊரிலிருந்து அடுத்து மனுப் போடும் பையனையும் கம்பெனி சந்தேகத்தோடு பார்க்கும். பத்துப் பேர் செய்யும் மோசடிக்கு ஐம்பது பேர் அபராதம் கட்டும் நிலைமையைத்தான் மேலே கணக்காகப் பார்த்தோம்.

வீடியோ பேட்டி என்ற வசதி போய்விடக்கூடாது. தங்கவயலிலும் தென்காசியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அது திறந்து வைத்த கதவு திறந்தே இருக்க வேண்டும். அதற்காகவே, முடிவு எடுக்கும் அந்த ஒரு நாளிலாவது வேலை கொடுப்பவரும் வேலை கேட்பவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வேண்டும் என்கிறோம். மென்பொருள் தொழிலின் சங்கங்களும் கர்நாடக, தமிழ்நாட்டு அரசாங்கங்களும் கலந்து பேசி, செலவு யாருடையது, சந்தேகத்துக்கு ஆளானவருக்கு மறு வாய்ப்பு என்ன என்பதையெல்லாம் தெளிவாக்கி ஒரு முறையை வகுக்க வேண்டும். மோசடி இன்னும் பெருகி, பயந்துபோன கம்பெனிகள் ஆளுக்கொரு கருவியை வாங்கி மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்வது நல்லது.